கல்முனையைப் பிரிக்கலாம், தறியை எங்கே வைப்பது?

கல்முனையை எப்படிப் பிரிப்பது என்று கேட்டால் எங்கட ஊர்களில் பத்து வயசுப் பொடியனும் பதில் சொல்வான். 1987க்கு முன் சாய்ந்தமருதுக்குக் கரைவாகு தெற்கு என்று தனிக் கிராம சபை இருந்தது, அதைத் திருப்பித் தா என்பது ஒரு கோரிக்கை. 2018 உள்ளூராட்சித் தேர்தலில் அதை முன்வைத்து இறங்கிய சுயேச்சைக் குழு சாய்ந்தமருதில் பெரிய கட்சிகளையெல்லாம் வீட்டுக்கு அனுப்பியது. கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்து என்பது தமிழ் மக்களின் கோரிக்கை. 2019 ஜூனில் அதற்காக ஒரு பக்கம் உண்ணாவிரதம், அதற்கு எதிராக மறுபக்கம் சத்தியாக்கிரகம். 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருது நகர சபைக்கு வர்த்தமானி வந்தது, கொண்டாட்டம் அடங்குமுன்னே அது நிறுத்தப்பட்டது. 2025 மே மாதம் நாடு முழுக்க 339 சபைகளுக்குத் தேர்தல் நடந்தபோது, வழக்கு காரணமாகக் கல்முனை மாநகர சபைக்கு நடக்கவில்லை.

இந்தக் கோரிக்கைகளை நாங்கள் கேலி செய்யவில்லை. ஒரு சனம் தன் அலுவலகம் தன் பக்கத்தில் இருக்க வேணும் என்று கேட்பது நியாயம்தான். எங்களுக்கு உறுத்துவது வேறு. எல்லைக்காக இவ்வளவு கடையடைப்பு செய்த ஊர்கள், இதே காலத்தில் இங்கே செத்துக்கொண்டிருக்கிற தொழில்களுக்காக ஒரு நாளாவது கடையை மூடினவையா?

கல்முனை ஒரு சந்தை. அதைச் சுற்றி இருக்கிற ஊர்கள்தான் அதற்குச் சரக்கு. காலையில் பஸாரில் நின்று பாருங்கள். சம்மாந்துறை வட்டைகளில் விளைந்த நெல் மில்லுக்குப் போய் அரிசியாக வருது. அந்த வேளாண்மைக்குப் பின்னால் போடியார் இருக்கார், முல்லைக்காரர் இருக்கார், கல்லோயாத் தண்ணீர் இருக்கு. கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கரைவலை இழுத்த மீன், மோட்டார் சைக்கிளில் கட்டிய பெட்டிக்குள் ஏறி, ஹோர்ன் அடித்துக்கொண்டு பாண்டிருப்புக்கும் காரைதீவுக்கும் போகுது. வாங்குறவர் தமிழர், விற்கிறவர் முஸ்லிம், சில நேரம் மாறியும் இருக்கும். ஒரு தேங்காயோ ஒரு சுறாத் துண்டோ எந்தப் பிரதேச செயலகத்தின் எல்லைக்குள் விற்கப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை. மீனவர்களின் கதை தனியாக எழுத வேண்டியது. ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டதும், அதற்குப் பிறகு கடல் கரையைத் தின்றதும் ஒரு பந்தியில் அடங்காது. இங்கே நாங்கள் சொல்ல நினைத்தது மருதமுனைத் தறியைப் பற்றி.

கல்முனையிலிருந்து மட்டக்களப்பு வீதியால் வடக்கே சில கிலோமீட்டர் போனால் மருதமுனை. 1970 முதல் 77 வரை இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த காலத்தை எங்கட மூத்தப்பாமார் இன்னும் கண் விரியச் சொல்வார்கள். வெளிநாட்டுத் துணி இல்லை, ஆகவே தறிக்கு ஓய்வும் இல்லை. சாரன், சாரி, படுக்கை விரிப்பு, துவாய் என்று நெய்தது எல்லாம் போனது. பொட்டணி கட்டி ஊர் ஊராகப் போன வியாபாரிகள் அதைச் சிங்களக் கிராமங்கள் வரைக்கும் கொண்டுபோனார்கள். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. பவர்லூம் துணி கப்பலில் இறங்கியது. பிறகு யுத்தம், மூடிய வீதிகள். பிறகு 2004 டிசம்பர் 26. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன அந்தக் கடல் தறிகளையும் விட்டுவைக்கவில்லை.

இதையெல்லாம் தாண்டி இன்னும் அங்கே தறிச் சத்தம் கேட்குது என்பதுதான் ஆச்சரியம். ஆனால் அந்தச் சத்தத்தை வைத்துக் கவிதை எழுதுகிற ஆட்களோடு எங்களுக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. ‘பாரம்பரியக் கைத்தொழில்’ என்று சொல்லி, ஒரு கண்காட்சி வைத்து, அமைச்சருக்கு ஒரு சால்வை போர்த்திப் படம் எடுத்து விடுகிறோம். 2020இல் பத்திக், கைத்தறி, உள்ளூர் ஆடை உற்பத்திக்கென்றே ஒரு இராஜாங்க அமைச்சும் அமைத்தார்கள். ஒரு வேலையைப் பாரம்பரியம் என்று கூப்பிடத் தொடங்கியதும் அதற்குக் கூலி கேட்பது மரியாதைக் குறைவு போல ஆகிவிடுகிறது. நெசவு பாரம்பரியம்தான், யார் இல்லை என்றது? ஆனால் முதலில் அது ஒரு வேலை.

வேலை எப்படி நடக்குது என்று தெரிந்தால்தான் கூலியின் கதை விளங்கும். நூல் வெளிநாட்டிலிருந்து வருது, சாயமும் அப்படித்தான். இலங்கையில் பருத்தி விளைவது பேருக்குத்தான். அதனால் தறி மருதமுனையில் இருந்தாலும் அதன் விலை டொலரில் இருக்கிறது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதத்துக்குள் 360 வரைக்கும் ஏறியபோது நூல் விலையும் கூடவே ஏறியது. சாரனின் விலையை அதே வேகத்தில் ஏற்ற முடியுமா? வாங்குறவன் பக்கத்துக் கடையில் இறக்குமதிச் சாரனை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

நூல் வந்ததும் சாயம் போட்டு வெயிலில் காயப்போட வேணும். மாரியில், கார்த்திகை மார்கழி மழையில், எங்கே காயப்போடுவது? நூல் காயாவிட்டால் பாவு இல்லை, பாவு இல்லாவிட்டால் தறி சும்மா கிடக்கும், தறி சும்மா கிடந்தால் அண்டைக்குக் கூலி இல்லை. காய்ந்த நூலைச் சுற்றுவது, பாவுக்கு எடுப்பது, அச்சில் ஒவ்வொரு இழையாகக் கோர்ப்பது என்று தறியில் ஏறுமுன்னே பாதி வேலை முடிந்திருக்கும். இந்தப் பாதி வேலையில் பெரும்பங்கு பெண்களுடையது. சோறு அடுப்பில், பிள்ளை மடியில், கை ராட்டையில். கேட்டால், ‘அவ சும்மா வீட்டில இரிக்கா’ என்று சொல்லுவோம்! 2016இல் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் வந்தது, 2025 ஏப்ரலில் அந்த வேதனம் 27,000 ரூபாவாக உயர்ந்தது. துண்டுக் கணக்கில் வீட்டுக்குள் இருந்து நூல் சுற்றுகிற ராத்தாவுக்கு இதில் என்ன பிரயோசனம்? அவவுக்குச் சம்பளப் பட்டியலும் இல்லை, சேமலாப நிதியும் இல்லை.

இதோடு இன்னொரு கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். எங்கட பக்கத்தில் பொம்பிளைப் பிள்ளைக்குக் கலியாணம் என்றால் வீடு கட்டிக் கொடுக்க வேணும். மூன்று மகள் என்றால் மூன்று வீடு. ஒரு தறிக் கூலியில் மூன்று வீடு எழும்புமா? காக்காமார் கட்டாருக்கும் சவூதிக்கும் போவது இதனால்தான். ‘இந்தக் காலத்துப் பொடியனுகளுக்குத் தறியில இரிக்க உடம்பு வளையிதில்ல’ என்று பள்ளிவாசல் திண்ணையில் பேசுகிறவர்கள், சீதன வீட்டைப் பற்றி அதே திண்ணையில் பேசினால் கேட்க நல்லாக இருக்கும். உடம்பு வளையாதவன் கட்டார் வெயிலில் கம்பி கட்டுவானா?

அடுத்தது கொஞ்சம் சங்கடமான விசயம். மருதமுனைச் சாரியை இப்போது யார் உடுக்கிறார்கள்? எங்கட உம்மாமார் சாரி உடுத்து முந்தானையைத் தலையில் போட்ட காலம் ஒன்று இருந்தது. இப்போது வெளியே இறங்கினால் அபாயா. எது சரி, எது பிழை என்ற சண்டைக்கு நாங்கள் வரவில்லை. அவரவர் உடுப்பு அவரவர் விருப்பம். ஆனால் தறிக்காரனின் பக்கத்திலிருந்து பார்த்தால், அவன் தன் வீட்டுக்குள்ளேயே வாடிக்கையாளரை இழந்தான். இன்று கைத்தறிச் சாரியை விரும்பி உடுப்பவர்களில் சிங்கள, தமிழ் ஆசிரியைகளும் அலுவலகப் பெண்களும்தான் அதிகம். 2019இல் முஸ்லிம் கடைகளைப் புறக்கணியுங்கள் என்ற பிரசாரம் தெற்கில் நடந்தபோது அது நெசவாளியின் அடுப்பையும் தொட்டிருக்கும் என்று எத்தனை பேர் யோசித்தோம்? மருதமுனையில் முஸ்லிம் பெண் சுற்றிய நூல் குருநாகலில் சிங்கள ஆசிரியையின் தோளில் கிடக்கிறது. எல்லைக்கோடு போடுகிறவர்கள் இந்த நூலை எங்கே வெட்டுவார்கள்?

ஸ்கொட்லாந்தின் மேற்கே சில தீவுகள் இருக்கின்றன. அங்கே நெய்கிற கம்பளித் துணிக்கு ஹரிஸ் ட்வீட் என்று பெயர். அந்தத் தீவுக்காரர்கள் தங்கள் வீட்டில் வைத்துக் கையால் நெய்த துணிக்கு மட்டும்தான் அந்தப் பெயரை வைக்கலாம் என்று 1993இல் பிரித்தானியப் பாராளுமன்றம் ஒரு சட்டமே இயற்றியது. துணியைப் பரிசோதித்து முத்திரை குத்த ஒரு அதிகாரசபை இருக்கிறது. இந்தியாவில் காஞ்சிபுரம் பட்டுக்கும் பவானி ஜமக்காளத்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்து வருடக் கணக்காகிறது. பெயர் மட்டும் சோறு போடாது, உண்மைதான். பவானித் தறிகளும் நல்லாக இருக்கின்றன என்று யாரும் சத்தியம் செய்யமாட்டார்கள். ஆனாலும் பெயர் இருந்தால் குறைந்தது மற்றவன் திருடும்போது கேட்க ஒரு வழி இருக்கும். இலங்கைக் கறுவாவுக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த அங்கீகாரம் கிடைத்தது. மருதமுனைத் துணிக்கும் வாங்கித் தருகிறோம் என்று எங்கட எம்பிமாரில் ஒருவர் பாராளுமன்றத்தில் எழும்பி நின்று கேட்கட்டும். இதில் எல்லைப் பிரச்சினையும் இல்லை, இனப் பிரச்சினையும் இல்லை.

கல்முனைக்குத் தேர்தல் எப்போது வந்தாலும், வீடு வீடாக வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் நாங்கள் கேட்கப் போவது சின்ன விசயங்கள்தான். மாநகர சபையின் அலுவலகங்களுக்குத் திரைச்சீலையும் மேசை விரிப்பும் மருதமுனையில் வாங்குவீங்களா? நூலை ஆளுக்காள் கடனுக்கு எடுக்காமல், கூட்டாக மொத்த விலைக்கு வாங்கச் சங்கத்துக்கு முதல் கொடுப்பீங்களா? நூல் சுற்றுகிற பெண்களின் பெயரைப் பதிந்து, அவர்களுக்கும் ஒரு கூலிக் கொப்பி கொடுக்க ஏற்பாடு செய்வீங்களா? சாயத் தண்ணீர் வளவுக் கிணற்றில் ஊறாமல் போக ஒரு வடிகால் வெட்டுவீங்களா? மாரி தொடங்க முன், சாயம் போட்ட நூலைக் காயப்போடக் கூரை போட்ட ஒரு கொட்டில் கட்டித் தருவீங்களா? அது கரைவாகு வடக்கா, தெற்கா, எந்தச் சபையின் காணியில் நின்றாலும் பரவாயில்லை, கூரை ஒழுகாமல் இருந்தால் சரி.