கேன்டீன் டேபிள்: கடலுக்கு நடுவுல கோட்டு எதுக்கு?

மக்களே! 'டைட்டானிக்' படம் பார்க்காதவங்க யாராவது இருக்கீங்களா? கையைத் தூக்காதீங்க, நம்ப மாட்டேன்.

அதுல ஒரு சீன் ஞாபகம் இருக்கா? மூணாம் வகுப்பு டிக்கெட்ல வந்த ஜாக், முதல் வகுப்பு டின்னருக்குப் போகணும். போட்டுக்க கோட்டு இல்ல. மோலி பிரவுன்னு ஒரு அம்மா, தன் பையனுக்காக வாங்கின கோட்டை எடுத்துக் கொடுப்பாங்க. அதைப் போட்டுக்கிட்டுப் போனதும், வாசல்ல நிக்கிறவர் பவ்யமா கதவைத் திறந்து விடுவார். மத்தியானம் வரைக்கும் நம்மாளைத் திரும்பிக்கூடப் பார்க்காத கூட்டம், ராத்திரி தலையாட்டி வரவேற்கும். ஆள் அதே ஜாக்தான். மாறினது துணி மட்டும்தான்!

படம் வந்தது 1997ல. நிஜக் கப்பல் மூழ்கினது 1912ல. ஆனா அந்தக் கோட்டு மட்டும் இன்னும் மூழ்கல பாஸ். இன்னிக்கும் மிதந்துக்கிட்டே இருக்கு.

சொகுசுக் கப்பல்கள்ல 'ஃபார்மல் நைட்'னு ஒரு சமாசாரம் உண்டு. பகல் முழுக்க நீச்சல் குளத்தைச் சுத்தி அரை டவுசரோட திரிஞ்ச ஜனங்க, சாயங்காலம் ஆனா ஆளே மாறிடுவாங்க. ஆம்பளைங்களுக்கு கறுப்பு கோட்டு, வெள்ளைச் சட்டை, கழுத்துல பட்டாம்பூச்சி உட்கார்ந்த மாதிரி ஒரு போ டை. பொம்பளைங்களுக்கு தரையைத் தொடுற கவுன். கேப்டன் வந்து வணக்கம் சொல்லுவார். மாடிப்படிக்குக் கீழ போட்டோகிராபர் ரெடியா நிப்பார். (படம் இலவசம்னு நினைச்சுடாதீங்க. கப்பலுக்கு அது ஒரு நல்ல வசூல்!) 7 ராத்திரிப் பயணம்னா அதுல 2 ராத்திரி இப்படின்னு பல கம்பெனிகள்ல ரொம்ப வருஷமா வழக்கம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா? நான் பார்த்த பெரிய கப்பல், மெரினாவுல நின்னு தூரத்துல பார்த்ததுதான். என் சித்தி பையன் கேட்டரிங் முடிச்சிட்டு ஒரு கப்பல்ல வெயிட்டரா இருக்கான். எட்டு மாசம் கடல், ரெண்டு மாசம் வீடு. போன தடவை லீவுல வந்தப்ப, மொட்டை மாடியில உட்கார்ந்து இந்தக் கதையை அவிழ்த்து விட்டான்.

"அண்ணா, ஃபார்மல் நைட் அன்னிக்கு ரெஸ்டாரன்ட்ல எல்லாருமே கோட்டு, போ டைதான். அதுல எவன் சாப்பிடாம நிக்கிறானோ அவன்தான் வெயிட்டர்!"

சிரிச்சு முடிச்சிட்டு நான் கேட்டேன். "ஏன்டா, காசு கொடுத்து லீவுக்கு வர்றவனைப் போய் கோட்டு போடு, டை கட்டுன்னு சொன்னா கடுப்பாக மாட்டானா?"

"அதை வச்சு கப்பலுக்குள்ள பட்டிமன்றமே நடக்கும்ணா" என்றான்.

பட்டிமன்றம்னா ரெண்டு அணி வேணுமே. முதல் அணி, 'கோட்டைக் கழட்டுங்கய்யா' கோஷ்டி. இவங்க சொல்றது சிம்பிள். "நான் வந்தது லீவுக்கு. ஆபீஸ்ல போட்ட டையைக் கடல்லயும் போடணுமா? டிக்கெட் என் காசு. நான் டி-ஷர்ட்ல சாப்பிட்டா உனக்கு என்ன நஷ்டம்?" இதுல பெட்டிப் பிரச்னை வேற. 2008ல அமெரிக்க விமான கம்பெனிகள் வரிசையா முதல் பெட்டிக்கே 15 டாலர்னு காசு கேட்க ஆரம்பிச்சாங்க. ஒரு ராத்திரி போடற கோட்டுக்காகவும் ஷூவுக்காகவும் தனியா காசு கட்டி யார் தூக்கிட்டு வருவா?

ரெண்டாவது அணி, 'இருக்கட்டுமே' கோஷ்டி. "நானும்தான் காசு கொடுத்தேன். எல்லாரும் அழகா உடுத்தி உட்கார்ந்திருக்கிற ஒரு ராத்திரிக்காகத்தான் கொடுத்தேன். பக்கத்து டேபிள்ல ஒருத்தர் தொப்பியும் டவுசருமா உட்கார்ந்தா அந்த ராத்திரியே போச்சு." இதுவும் நியாயமாத்தான் படுது. கல்யாண வீட்டுக்கு லுங்கியில வர்ற மாமாவை நாம சும்மா விடுவோமா?

சரி, முதல் அணி சாதாரண ஜனங்க, ரெண்டாவது அணி பணக்காரங்கன்னு ஈஸியா முடிவு பண்ணிடலாம்னு நினைச்சேன். தம்பி அங்கதான் ட்விஸ்ட் வச்சான்.

"இல்லண்ணா. என் டேபிள்ல ஒருத்தர் வந்தார். பெரிய கம்பெனி வக்கீல். ஃபார்மல் நைட்னாலே ரூமை விட்டு வர மாட்டார். 'வருஷம் பூரா இதைத்தான் போடறேன், என்னை விடுப்பா'ன்னு சொல்லுவார். இன்னொரு டேபிள்ல லாரி ஓட்டற ஒருத்தர். அவரும் அவர் வீட்டம்மாவும் மூணு வருஷம் காசு சேர்த்து வந்திருந்தாங்க. அவர்தான்ணா முதல் ஆளா வாடகைக் கோட்டு போட்டுக்கிட்டு வந்து நின்னார். 'என் கல்யாணத்துக்கு அப்புறம் இப்பதான் கோட்டு போடறேன்'னு சொல்லி, எங்கிட்டயே கேமராவைக் கொடுத்து போட்டோ எடுக்கச் சொன்னார்."

யோசிச்சுப் பாருங்க. தினமும் கோட்டு போடறவருக்கு அதைக் கழட்டுறதுதான் லீவு. தினமும் அழுக்குச் சட்டையில வேலை பார்க்கிறவருக்கு அதைப் போடறதுதான் லீவு! ஒரே துணி... ஒருத்தருக்குச் சுமை, இன்னொருத்தருக்குத் திருவிழா. தீபாவளிக்கு மட்டும் புதுச்சட்டை பார்த்த வீட்டுப் பிள்ளைங்களுக்கு இது சட்டுனு புரியும்.

இன்னொரு தமாஷ் சொல்றேன். இப்ப நாம கிடுகிடுன்னு பயப்படற இந்த டக்ஸீடோ கோட்டு, பொறந்தப்ப ஃபார்மலே கிடையாது. அந்தக் காலத்து இங்கிலாந்துல பெரிய மனுஷங்க ராத்திரிச் சாப்பாட்டுக்கு, பின்னாடி வால் தொங்குற நீளக் கோட்டுதான் போடணும். 1865ல, பின்னாடி ஏழாம் எட்வர்ட் ராஜாவான இளவரசர், லண்டன்ல ஹென்றி பூல்ங்கிற தையல் கடையில வால் இல்லாத குட்டைக் கோட்டு ஒண்ணு தைக்கச் சொன்னார். எதுக்கு? கிராமத்து மாளிகையில ஹாயா உட்கார்ந்து சாப்பிட! அது 1886 வாக்குல அமெரிக்காவுக்குப் போச்சு. நியூயார்க் பக்கத்துல டக்ஸீடோ பார்க்னு ஒரு பணக்காரங்க ஏரியா. அந்த ஊர் பேரே கோட்டுக்கும் ஒட்டிக்கிச்சு. அதாவது, அன்னிக்கு அது பெரிய வீட்டுப் பிள்ளைங்க வீட்டுல போட்டுக்கிட்ட 'டி-ஷர்ட்' மாதிரி. இன்னிக்கு அதுதான் சட்டம்!

'ஆதி காலத்துலேருந்து இப்படித்தான்'னு யாராவது சொன்னா நம்பிடாதீங்க. எல்லா ரூலும் என்னிக்கோ ஒரு நாள் யாரோ மீறினதுதான்.

கப்பல் கம்பெனிகளும் சும்மா இல்ல. நார்வேஜியன் குரூஸ் லைன் 2000லயே 'ஃப்ரீஸ்டைல்'னு அறிவிச்சு, கட்டாயக் கோட்டுக்கு டாட்டா காட்டிடுச்சு. கார்னிவல் கப்பல்கள்ல ஃபார்மல்ங்கிற வார்த்தையையே விட்டுட்டு 'எலிகன்ட் நைட்'னு பேரை மாத்தினாங்க. செலிப்ரிட்டி 2015ல 'ஈவ்னிங் ஷீக்'னு மாத்துச்சு. நல்லா உடுத்துங்க, கோட்டு உங்க இஷ்டம்னு அர்த்தம். 2021ல பயணிகளை ஏத்த ஆரம்பிச்ச வர்ஜின் வாயேஜஸ்ல ஃபார்மல் நைட்டே கிடையாது. அதுக்குப் பதிலா, சிவப்புல ஏதாவது போட்டுக்கிட்டு வாங்கன்னு ஒரு ராத்திரி. சிவப்பு ரிப்பன் கட்டினாக்கூட போதும்!

ஆனா ஒருத்தர் மட்டும் பிடிவாதமா நிக்கிறார். குனார்டு. அவங்களோட குயின் மேரி 2 கப்பல், 2004 ஜனவரியில முதல் பயணம் கிளம்பினது. நீளம் 345 மீட்டர். இங்கிலாந்தோட சவுதாம்ப்டன்லேருந்து நியூயார்க்குக்கு வழக்கமா 7 ராத்திரி. நடுவுல ஊரே கிடையாது, சுத்திலும் தண்ணி மட்டும். அங்க கோட்டும் கவுனுமா, பால்ரூம் டான்ஸோட 'காலா ஈவ்னிங்' இன்னும் நடக்குது. அதுக்காகவே டிக்கெட் எடுக்கிறவங்க இருக்காங்க. ரெண்டு நல்ல விஷயத்தையும் சொல்லணும். ஒண்ணு, கோட்டு பிடிக்காதவங்களுக்கு அன்னிக்கும் பஃபே மாதிரி சில இடங்கள் திறந்திருக்கும். ரெண்டு, கோட்டுக்குப் பதிலா அவங்கவங்க நாட்டு முறையான உடையும் ஓகே. நம்ம வீட்டுப் பட்டுப் புடவைக்கு இதைவிட நல்ல மேடை கிடைக்குமா?

நாட்டு உடைன்னதும் நம்ம சென்னை ஞாபகம் வருது. 2014 ஜூலைல சேப்பாக்கத்துல கிரிக்கெட் சங்கத்தோட கிளப்ல ஒரு புத்தக வெளியீட்டு விழா. அழைப்பு வாங்கி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனையே, வேட்டி கட்டியிருக்கார்னு வாசல்ல நிறுத்திட்டாங்க. தமிழ்நாடே கொதிச்சது. அடுத்த மாசமே, வேட்டி கட்டினவங்களை இப்படித் தடுக்கக் கூடாதுன்னு சட்டசபையில சட்டம் வந்தது. கடல்ல போற வெள்ளைக்காரக் கப்பல் 'உங்க ஊர் உடையில வாங்க'ங்குது. கரையில இருந்த நம்ம ஊர் கிளப், நம்ம உடையையே வெளியில நிக்க வச்சது. கோட்டு குற்றவாளி இல்ல மக்களே. வாசல்ல நிக்கிற மனசுதான்!

வாசல்னதும், தம்பி கடைசியா சொன்ன கதையைச் சொல்லிடறேன். கல்யாணமாகி ஐம்பது வருஷம் ஆன ஒரு ஜோடி. அதைக் கொண்டாட வந்தாங்க. தாத்தாவோட பெட்டி விமானத்துலயே எங்கயோ தொலைஞ்சு போச்சு. பாட்டி பெட்டி வந்துடுச்சு. ஃபார்மல் நைட் அன்னிக்கு பாட்டி நீலக் கவுன்ல தேவதை மாதிரி வந்தாங்க. தாத்தா, இருந்த ஒரே கட்டம் போட்ட சட்டையில. வாசல்ல இருந்தவர் ரொம்ப மரியாதையா, "சார், மேல்தளத்துல பஃபே இருக்கு"ன்னார். வார்த்தையில ஒரு தப்பும் இல்ல. தாத்தா, "நீ போய் சாப்பிடு, நான் மேல போறேன்"னு பாட்டிகிட்ட சொன்னாராம். பாட்டி ஒண்ணும் பேசல. தாத்தா கையைப் பிடிச்சுக்கிட்டு, அந்த நீலக் கவுனோடயே மேல போய், தட்டு எடுத்துக்கிட்டு வரிசையில நின்னாங்களாம்.

"எங்க கிட்ட ஸ்டோர்ல வாடகைக் கோட்டு எக்ஸ்ட்ரா தொங்கிக்கிட்டு இருந்ததுண்ணா. ஒருத்தர் ஓடிப்போய் எடுத்துட்டு வந்திருக்கலாம். நான்கூட. ஆனா அன்னிக்கு யாருக்கும் தோணல" என்றான் தம்பி. ரொம்ப நேரம் பேசல.

நானும் பேசல. ஏன்னா என்கிட்டயும் ஒரு கதை இருக்கு. யார்கிட்டயும் சொன்னதில்ல.

ஃபைனல் இயர் ஃபேர்வெல். 'பாய்ஸ் எல்லாரும் பிளேசர், கம்பல்சரி'ன்னு முடிவு பண்ணின கமிட்டியில நானும் ஒருத்தன். நாலு நாள் முன்னாடிதான் நோட்டீஸ் ஒட்டினோம். எங்க கிளாஸ்லயே நல்லா பாட்டு பாடற பையன் ஒருத்தன் அன்னிக்கு வரல. காய்ச்சல்னான். வாடகை பிளேசர் 300 ரூபா. அவன் மெஸ் பில்லுக்கே பார்ட் டைம் வேலை பார்த்தவன். காய்ச்சல் இல்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும், குரூப் போட்டோவுல எல்லாரும் ஒரே மாதிரி இருந்தா கெத்தா இருக்கும்னு நினைச்சேன். கெத்தாத்தான் இருக்கு அந்த போட்டோ. இன்னிக்கும் அதைப் பார்த்தா, முதல்ல கண்ணுக்குத் தெரியறது அதுல இல்லாத அவன்தான்.

அதனால, பட்டிமன்றத் தீர்ப்பு இதுதான். ஃபார்மல் நைட் இருக்கட்டும். அந்த லாரி டிரைவருக்காகவாவது இருக்கட்டும். வாழ்க்கையில ஒரு ராத்திரியாவது ராஜா மாதிரி நடக்கிற ஆசையை யாரும் கிண்டல் பண்ண வேணாம். ஆனா முன்கூட்டியே சொல்லணும். பிடிக்காதவங்களுக்கு இன்னொரு நல்ல இடம் இருக்கணும். முடியாதவங்களுக்கு வாசல்லயே ஒரு எக்ஸ்ட்ரா கோட்டு தொங்கணும். நல்லா உடுத்திக்கிட்டு வர்றது கூட இருக்கிறவங்களுக்குக் காட்டுற மரியாதை. உடையை வச்சு ஆளை எடை போடறது எந்த ஊர்லயும் மரியாதை இல்ல.

இந்த வருஷம் உங்க காலேஜ்ல ஃபேர்வெல் கமிட்டியில இருக்கிறவங்களே... டிரெஸ் கோடு என்னன்னு நோட்டீஸ் ஒட்டறதுக்கு முன்னாடி, யாருக்கெல்லாம் 'காய்ச்சல்' வரும்னு ஒரு நிமிஷம் யோசிங்க. ரெண்டு மூணு பிளேசர் கூடுதலா வாடகைக்கு எடுத்து, யார்கிட்டயும் சொல்லாம கிரீன் ரூம்ல தொங்க விடுங்க. மோலி பிரவுனா ஆகறதுக்குக் கப்பல் ஏற வேண்டியதில்ல!

அடுத்த வாரம் வேற ஒரு டேபிள்ல சந்திப்போம். டீ ஆறிடுச்சு... வர்ட்டா!