சாதியை அடித்துவிட்டு மகளிர் தினம்

மார்ச் மாதக் கருத்தரங்குக்கு அரங்கு கேட்டு விண்ணப்பித்திருந்தோம். 'சாதியும் பாலியல் வன்முறையும்: பன்வாரி தேவியின் வழக்கு' என்பது தலைப்பு. அலுவலகத்தில் இருந்தவர் சிவப்புப் பேனாவை எடுத்து 'சாதியும்' என்ற சொல்லை மட்டும் அடித்தார். "ஏம்மா, மகளிர் தினத்துக்கு எதுக்கு இதெல்லாம்? பெண்கள் பாதுகாப்புனு போட்டுக்கோங்க."

நாங்கள் போட்டுக்கொண்டோம். அரங்கு வேண்டுமே! அதை நினைத்தால் இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அதே வாரத்தில் கோலப் போட்டிக்கும் அடுப்பில்லாச் சமையல் போட்டிக்கும் ஒரே நாளில் அனுமதி கிடைத்தது. கோலத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை, என் அம்மா நன்றாகவே போடுவார். ஆனால் பல்கலைக்கழகம் பெண்ணை நினைத்துப் பார்க்கும் ஒரே நாளில் அவளை வாசலுக்கும் அடுப்படிக்கும் திருப்பி அனுப்புவதை என்னவென்று சொல்வது?

அடிக்கப்பட்ட அந்தச் சொல்லுக்கு வருகிறேன். பன்வாரி தேவி, ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்துக்காரர். மண்பாண்டம் செய்யும் குமார் சாதியில் பிறந்தவர். அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் கிராமப் பணியாளராக இருந்தார். 1992இல் குர்ஜர் சாதிக் குடும்பம் ஒன்றில் நடக்கவிருந்த குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றார். அது அவருடைய வேலை. அதற்காகவே ஆதிக்க சாதி ஆண்கள் அவரைக் கூட்டாகப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். 1995இல் விசாரணை நீதிமன்றம் அவர்களை அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. மேல்சாதி ஆண்கள் கீழ்சாதிப் பெண்ணைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்பது அந்தத் தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்று. தீண்டாமையையே குற்றவாளிக்குச் சாட்சியாக நிறுத்திய தீர்ப்பு அது.

அவருக்கு நடந்த கொடுமையை முன்வைத்துப் பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனதால்தான் 1997இல் விசாகா வழிகாட்டுதல்கள் வந்தன. அதிலிருந்து 2013ஆம் ஆண்டுச் சட்டம், அதன் பிறகு உயர்கல்வி நிறுவனங்களுக்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிகள். இன்று நம் துறைச் சுவரில் ஒட்டியிருக்கும் ஐ.சி.சி. அறிவிப்புக்கு மூலம் பட்டேரியின் அந்த ஒரு பெண். அறிவிப்பில் அவர் பெயர் இல்லை. அவர் பெயரைச் சொல்லும் கூட்டங்களில் அவர் சாதி இல்லை. சாதியை எடுத்துவிட்டால் அவர் ஏன் தாக்கப்பட்டார், தாக்கியவர்கள் ஏன் தப்பினார்கள் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் கிடையாது.

கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, அரங்கைக் கூட்டும் அக்கா ஒருவர் கேட்டார். கதவோரம் நின்றபடியே முழுக் கூட்டத்தையும் கேட்டிருக்கிறார். "பாப்பா, நீங்க சொன்ன அந்தக் கமிட்டி எங்களுக்கும் உண்டா? நாங்க காண்ட்ராக்ட்டு."

உண்டு. ஒப்பந்தக்காரர் மூலம் வருபவரும், தினக்கூலிக்கு வருபவரும் சட்டப்படி பணியாளர்தான். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம். எழுத முடியாதவருக்கு எழுதிக்கொடுத்து உதவுவது குழுவின் கடமை. இதையெல்லாம் அந்த அக்காவிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. எங்கள் வளாகத்தில் கழிவறை கழுவுவோர் எந்தச் சாதிகளிலிருந்து வருகிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இரண்டு மணி நேரம் பேசிய நாங்களும் அவருக்கு ஒரு நாற்காலி போடவில்லை. பேனாவால் அடித்த அலுவலரை மட்டும் குறை சொல்லி நான் தப்பிக்க முடியாது.

மாணவர் நிலையும் பெரிதாக வேறில்லை. புகாரில் மாணவர்கள் சம்பந்தப்பட்டிருந்தால் குழுவில் இளநிலை, முதுநிலை, ஆய்வு நிலை மாணவர் மூவர் இருக்க வேண்டும், அவர்கள் தேர்தல் மூலம் வர வேண்டும் என்கின்றன 2015 விதிகள். ஆய்வுக்குச் சேர்ந்து ஆறு ஆண்டாகிறது. அப்படியொரு தேர்தலில் நான் வாக்களித்ததே இல்லை.

பால்புதுமையினர் பற்றிய நிகழ்ச்சிகளிலும் இதே ஓட்டை இருக்கிறது. சென்ற ஆண்டு நடந்த ஒன்று முழுக்க ஆங்கிலத்தில். பேசியவர்கள் எல்லோரும், வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டு வெளியே வந்து தனி அறை எடுக்கக்கூடியவர்கள். என் பக்கத்தில் இருந்த இரண்டாமாண்டு மாணவன் தணிந்த குரலில் சொன்னான்: "அக்கா, நான் வீட்டை விட்டு வந்தா ஹாஸ்டல் ஃபீஸ் யாரு கட்டுவா? எங்க தெருவ விட்டா வேற எந்தத் தெருவுல எனக்கு வீடு தருவாங்க?" அவன் சேரியிலிருந்து வந்தவன். மேடையில் அவனுக்குப் பதில் இல்லை.

அகமணத்தில்தான் சாதி உயிர் வாழ்கிறது என்று அம்பேத்கர் கொலம்பியாவில் கட்டுரை வாசித்தது 1916இல். யார் யாரைக் கட்ட வேண்டும் என்று காவல் காக்கும் அதே கை, ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சேர்ந்து வாழ்வதை மட்டும் விட்டுவிடுமா? உடுமலை சங்கரை நடுத்தெருவில் வெட்டிய சமூகத்தில் இருந்துகொண்டு, காதல் தனிமனித விருப்பம் என்று மட்டும் பேசிக் கலைவது எனக்குப் போதவில்லை.

தலித் திருநங்கைகளின் கோரிக்கை இதைவிடத் தெளிவானது. தமிழ்நாட்டில் 2015இல் திருநங்கையர் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். தலித் திருநங்கை ஒருவர் சாதிக்கான இடத்தைக் கேட்டால் பாலினம் கணக்கில் வராது, பாலினத்தைச் சொல்லி அந்தப் பட்டியலுக்குப் போனால் சாதி கணக்கில் வராது. எனவேதான் ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் திருநருக்குத் தனி இடம் தரும் கிடைமட்ட இடஒதுக்கீட்டைக் கிரேஸ் பானு போன்ற தோழர்கள் கேட்டுவருகிறார்கள். வானவில் கொடி பிடிக்கும் எத்தனை வளாக நிகழ்ச்சிகள் இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாகப் போட்டிருக்கின்றன?

கூட்டத்துக்கு அடுத்த வாரம், யாரிடம் புகார் தரலாம், எப்படித் தரலாம் என்று தமிழில் ஒரே பக்கம் எழுதி, துடைப்பம் வைக்கும் அறைக் கதவில் ஒட்டினோம். மேஸ்திரி கிழித்தார். மறுபடி ஒட்டினோம். மூன்றாம் முறை ஒட்டப் போனபோது பசை டப்பாவைப் பிடித்துக்கொண்டு அந்த அக்காவும் வந்தார். அடுத்த கூட்டத்துக்கான விண்ணப்பம் இப்போது அலுவலகத்தில் இருக்கிறது. பழைய தலைப்பையே முழுதாக எழுதியிருக்கிறோம். பேச்சாளர் பட்டியலில் முதல் பெயர் அந்த அக்காவுடையது. அரங்கு தராவிட்டால் வேப்பமரத்தடியில் நடத்துவோம்.