இருமினால் கசிகிறதா? "சகஜம்" என்று சொல்லாதீர்கள்!

பிள்ளை பெற்ற பெண்ணுக்கு இருமும்போதும் தும்மும்போதும் கொஞ்சம் சிறுநீர் கசிந்துவிடுகிறது. தயங்கித் தயங்கி அம்மாவிடம் சொல்கிறாள். "பிள்ளை பெத்தா அப்படித்தான்டி, சகஜம்" என்று பதில் வருகிறது. மாமியாரிடமும் அதே பதில். டாக்டரிடம் போனால் (போனால்தானே!) சில இடங்களில் அங்கேயும் அதே.

சகஜம்தான், யார் இல்லை என்றது? பிரசவமான பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது. சொத்தைப் பல் கூடத்தான் சகஜம். அதற்காக யாராவது "பல்லுன்னா அப்படித்தான்" என்று ஆறுதல் சொல்லி அனுப்புகிறார்களா?

விஷயம் ரொம்ப எளிது. முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை, தூளி கட்டின மாதிரி தசைகள் இருக்கின்றன. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் அந்தத் தூளிதான் தாங்குகிறது. மாதம் ஏற ஏறச் சுமையில் தொய்கிறது, பிரசவத்தில் இன்னும் இழுபடுகிறது. அப்புறம் ஒரு தும்மலின் அழுத்தத்தைக்கூட அதனால் தாங்க முடிவதில்லை. சிசேரியன் என்றால் தப்பித்தோம் என்று நினைப்பவர்கள் உண்டு. (2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன்.) வாய்ப்பு குறையும், இல்லாமல் போகாது. சுமந்தது சுமந்ததுதானே!

தசை தொய்ந்தால் பயிற்சி கொடுக்க வேண்டும். அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்டு கெகல் இதை 1948லேயே எழுதிவிட்டார். 2020ல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு 46 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. கசிவு வருவதற்கு முன்பே, கர்ப்பத்தின் ஆரம்பத்தில் பயிற்சியைத் தொடங்கியவர்களுக்குக் கடைசி மாதங்களில் கசியும் வாய்ப்பு 62 சதவீதம் குறைந்தது. பிரசவமாகி 3 முதல் 6 மாதத்தில் 29 சதவீதம். ஆக, சொல்லித்தர வேண்டிய நேரம் கர்ப்பம் உறுதியான உடனே. பிரான்ஸில் பிரசவத்துக்குப் பிறகு இதற்கென்றே நடக்கும் பயிற்சிக்கு அரசுக் காப்பீடு பணம் கொடுக்கிறது.

இங்கே? கர்ப்பிணிக்குக் கிடைக்கும் உடற்பயிற்சி அறிவுரை எல்லாம் சுகப்பிரசவத்துக்கு. குனிந்து பெருக்கு, உட்கார்ந்து துடை, காலார நட. குழந்தை வெளியே வந்ததும் அறிவுரை தீர்ந்துபோகிறது. பிறகு லேகியம், பத்தியம், வயிற்றைச் சுற்றி இறுக்கித் துணி, தொப்பை விழக்கூடாதாம்! வெளியே தெரிகிற வயிற்றுக்கு இத்தனை அக்கறை. கண்ணுக்குத் தெரியாத தசைக்கு ஒரு வார்த்தை கிடையாது.

விளைவு, அவளே ஒரு வைத்தியம் கண்டுபிடிக்கிறாள். தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறாள். பஸ் பயணமென்றால் காலையிலிருந்தே சொட்டுத் தண்ணீர் இல்லை. கல்யாண வீட்டில் கழிவறைப் பக்கமாக நாற்காலி தேடுகிறாள். சிரிக்கக்கூட யோசனை. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகிப் பையை இன்னும் உறுத்தும், மலச்சிக்கல் வரும். முக்கி முக்கி அதே தசை மேலும் தொய்யும். வைத்தியமே வியாதியை வளர்க்கிறது.

பயிற்சிக்குப் பைசா செலவில்லை. சிறுநீரையும் வாயுவையும் ஒரே நேரத்தில் அடக்குவது போல அந்தத் தசையை உள்ளே மேல்நோக்கி இறுக்க வேண்டும். சில நொடி பிடித்து, முழுதாகத் தளர்த்த வேண்டும். பழகப் பழகப் பத்து நொடி வரை பிடிக்கலாம். ஒரு தடவைக்கு எட்டு முறையாவது, நாளுக்கு மூன்று தடவை. மூச்சை அடக்கக் கூடாது, தொடையையும் பிட்டத்தையும் இறுக்கக் கூடாது, கீழ்நோக்கி முக்கவே கூடாது. சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்திப் பழகுவதும் தப்பு. தும்மல் வரப்போகிறது என்று தெரிந்தால் முன்கூட்டியே ஒரு இறுக்கு. சரியான தசைதானா என்று சந்தேகம் இருந்தால் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தருவார். (இதையெல்லாம் படித்து நெளிகிற பசங்களே, உங்கள் அக்காவுக்கும் இதை அனுப்பலாம்.)

மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் நிற்கவில்லை, அல்லது கீழே ஏதோ இறங்குகிற மாதிரி இருக்கிறது என்றால் மகளிர் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவரும் "சகஜம்" என்றால் வேறு டாக்டரைப் பார்க்கலாம்.