கொழுத்த பிள்ளைதான் நலமான பிள்ளையா?

கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு ஆலயத்தில் கொழுகொழுவென்ற பிள்ளையைக் கண்டு "நாவூறு படப்போகின்றது" எனப் பூரிக்கும் எம்மவர், அப்பிள்ளையின் நிறையையும் உயரத்தையும் அளக்கும் தாதியிடம் செல்ல மட்டும் பின்னிற்பதேன்?

விக்ரோரியா மாநிலத் தாய்சேய் நலச் சேவை, மூன்றரை வயதுவரை 10 சந்திப்புகளை இலவசமாக வழங்குகின்றது. பிள்ளை நடக்கத் தொடங்கியதும் நாமோ நின்றுவிடுகின்றோம்!

தென்மேற்குச் சிட்னியில் 2007 இல் தொடங்கிய ஆய்வொன்றில், தாதியர் வீடு தேடிச் சென்று முதற்பிள்ளைத் தாய்மாருக்கு வழிகாட்டினர். இரண்டு வயதில் அப்பிள்ளைகளின் உடற்திணிவுச் சுட்டி ஏனைய பிள்ளைகளினதைவிடக் குறைந்திருந்தது. வருகை நின்றபின், ஐந்து வயதில் அவ்வேறுபாடு மறைந்துபோயிற்று.

தாய் அளவோடு கொடுக்க, அப்பம்மா தொலைக்காட்சியின் முன் இருத்தி இன்னுமொரு கோப்பை சோறு ஊட்டும் வீட்டில், தாய்க்கு மட்டும் அறிவுரை கூறி என்ன பயன்? அடுத்த சந்திப்புக்கு அப்பம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்கள், அதற்கும் கட்டணமில்லை.