பெயர்ப்பலகை போனது, ஓட்டுநர் இருக்கையும் போகிறது

"அண்ணே, ஹெவி எடுத்துட்டேன். இப்ப எங்க சேரலாம்?"

தூத்துக்குடியில் எங்களைத் தேடி வரும் தம்பிகள் இப்போது அதிகம் கேட்பது இதைத்தான். எந்தக் கல்லூரி, குரூப் 4 எப்போது, உதவித்தொகைக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. இந்தக் கேள்விக்கு மட்டும் "ஏதாவது லாரி செட்ல கேட்டுப் பாரு தம்பி" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். துறைமுக ஊரில் அரசியல் பேசுகிறவர்களுக்கு இது அழகல்ல.

இந்தக் கரையில் நம் பிள்ளைகளுக்கு என்ன வேலை இருந்தது? அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோனது. அது நடந்த காலத்திலும் கடல் நம் கையில் இல்லை. நமக்குக் கிடைத்தது உப்பளம். மழைக்காலத்தில் அதுவும் இல்லை. 1974-இல் பெருந்துறைமுகம் வந்தது, பிறகு கண்டெய்னர் வந்தது, மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் நான்குவழிச் சாலை வந்தது. உப்பு வாரிய கால்கள் வெடித்துக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்த பையன் ஸ்டீயரிங்கைப் பிடிக்க ஆசைப்படுகிறான் என்றால் அது வேலைக்கான ஆசை மட்டும் இல்லை.

சட்டத்தில் இதற்கு வயதுக் கணக்கு உண்டு. 18 வயதில் இலகுரக வாகன உரிமம் எடுக்கலாம். அதை ஓராண்டாவது கையில் வைத்திருந்தால்தான் போக்குவரத்து வாகனத்துக்குப் பழகுநர் உரிமம் கிடைக்கும். 20 வயது முடியாமல் வாடகை வண்டியோ லாரியோ பொதுச்சாலையில் ஓட்டக்கூடாது. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதி 2019-இல் நீக்கப்பட்டுவிட்டது; அது இன்னும் இருப்பதாகச் சொல்லிக் காசு கேட்கும் புரோக்கரை நம்பாதீர்கள். ஆனால் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் ஓட்டுநருடன் கூடிய நடத்துநர் வேலைக்குக் குறைந்தபட்சம் 24 வயது ஆகியிருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு, கனரக உரிமம், 18 மாத அனுபவம், நடத்துநர் உரிமம், முதலுதவிச் சான்று எல்லாம் வேண்டும். 2025-இல் 3,274 இடங்களுக்கு விண்ணப்பம் கேட்டபோது ஏறக்குறைய இவற்றைத்தான் கேட்டார்கள்.

ஆக, இருபதுக்கும் இருபத்துநாலுக்கும் நடுவில் நான்கு ஆண்டுகள். அந்த நான்கு ஆண்டுகளில்தான் ஒரு தலித் இளைஞனின் வாழ்க்கை எந்தப் பக்கம் திரும்பும் என்பது தீர்மானமாகிறது.

முதல் வழி டிரெய்லர். துறைமுகத்துக்கும் கண்டெய்னர் கிடங்குகளுக்கும் நடுவே ஓடும் வண்டிகளில் கிளீனராக ஏறி, கிடங்குக்குள் ரிவர்ஸ் எடுத்துப் பழகி, ஒருநாள் ஓட்டுநராவது. தொழில் கற்க இதைவிட நல்ல இடம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் வேலை கேட்டுப் போனால் முதலில் லைசென்ஸை வாங்கிப் பார்ப்பதில்லை. "எந்த ஊரு தம்பி?" என்பார்கள். ஊரைச் சொன்னால், "அங்க எந்தத் தெரு?" என்பார்கள். அவ்வளவுதான், நேர்காணல் முடிந்தது. இடஒதுக்கீடு எட்டிப் பார்க்காத தொழில் இது. வேலை கிடைத்தாலும் டிரிப்புக்குப் பேட்டா. கேட் முன்னால் வரிசையில் காத்துக்கிடக்கும் மணிக்கணக்கு யார் கணக்கிலும் வராது. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்று எழுதிவைத்தது. வண்டிக்குள்ளேயே சமைத்து வண்டிக்கடியில் தூங்குகிறவனிடம் போய் அதைச் சொன்னால் சிரிப்பான்.

இன்னொரு வேலை மட்டும் நம்மைத் தேடி வரும். ஊரும் தெருவும் அங்கே தடையாக இருக்காது, தகுதியாகவே இருக்கும். கழிவுநீர் லாரி. "ஓட்டுறது மட்டும்தான் தம்பி" என்று சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இரண்டாம் நாள் குழாயை இறக்கச் சொல்வார்கள். அடைப்பு என்றால் மூடியைத் திறந்து குனிந்து பார்க்கச் சொல்வார்கள். வேறு சாதி ஓட்டுநரிடம் இப்படிச் சொல்லத் துணிவார்களா? பாதுகாப்புக் கருவி இல்லாமல் கழிவுநீர்த் தொட்டியை மனிதரைக் கொண்டு சுத்தம் செய்விப்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். செத்தால் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொன்னது. பிணத்துக்கு விலை கூடியிருக்கிறது, தொட்டிக்குள் இறங்கச் சொல்லும் வாய் மூடவில்லை. சம்பளம் கூடத் தருகிறார்கள் என்பதற்காக இந்த வண்டியில் ஏறாதீர்கள். ஏறித்தான் ஆகவேண்டிய நிலை என்றால், ஸ்டீயரிங்கைத் தவிர வேறெதையும் தொட மாட்டேன் என்பதை முதல் நாளே நான்கு பேர் முன்னால் சொல்லிவிடுங்கள்.

சொந்த வண்டி ஆசையும் இருக்கிறது. தாட்கோ மூலம் முதலமைச்சரின் ஆதிதிராவிடர், பழங்குடியினர் தொழில்முனைவுத் திட்டத்தில் 35 விழுக்காடு மானியம் உண்டு, உச்சவரம்பு 3.5 லட்சம். டாடா ஏஸ் போன்ற சின்ன வண்டிக்கு அது பெரிய உதவிதான். 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டியை இலகுரக உரிமத்திலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வும் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனாலும் இருபது வயதில் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. வண்டி வாங்கிவிடலாம், லோடு யார் கொடுப்பார்? மீன் ஏற்றுவதும் உப்பு ஏற்றுவதும் தெரிந்தவர், சொந்தக்காரர் என்ற வலைக்குள் நடக்கும் வியாபாரம். அந்த வலைக்கு வெளியே நிற்கிறவன் கையில் வண்டி நிற்கும், டியூ மட்டும் ஓடும். முதலில் யார் யாருக்கு லோடு போகிறது, எவ்வளவு வாடகை என்பதை இன்னொருவர் வண்டியில் இருந்து கற்றுக்கொள்ளுங்கள். மானியம் எங்கும் ஓடிப்போகாது. 55 வயது வரை விண்ணப்பிக்கலாம்.

அப்படியென்றால் எதை நோக்கி ஓட்டுவது? அரசுப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையை நோக்கி. அரசு வேலை மோகம் என்று கேலி செய்யாதீர்கள். இந்த மாவட்டத்தில் பேருந்துக்கும் நமக்கும் உள்ள கணக்கு மாதச் சம்பளத்தோடு முடிவதில்லை.

1995 ஜூலையில் வீரசிகாமணியில் ஒரு பேருந்து ஓட்டுநருக்கும் நம் பள்ளி மாணவர்களுக்கும் நடந்த தகராறில் பற்றிய தீ தென்மாவட்டங்கள் முழுக்கப் பரவியது. அதன் தொடர்ச்சியாக ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்துக்குள் நூற்றுக்கணக்கான காவலர்கள் புகுந்தார்கள். வளைகுடாவுக்குப் போய்ச் சம்பாதித்து வாங்கிய டிவி, மின்விசிறி, சான்றிதழ், பாஸ்போர்ட் என்று தேடித்தேடி உடைத்தார்கள், கிழித்தார்கள். பிள்ளைகள் எதைக்கொண்டு மேலே வருவார்களோ அதைச் சரியாகக் கண்டுபிடித்து அழித்தார்கள்.

இரண்டு ஆண்டு கழித்து, 1997-இல், விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தது கலைஞர் அரசு. ஒட்டப்பிடாரம் பக்கத்துக் கவர்னகிரிக்காரர், கட்டபொம்மனின் தளபதி. கட்டபொம்மன் பெயரில் கழகம் ஓடியபோது யாருக்கும் வலிக்கவில்லை. தளபதி பெயர் வந்ததும், அந்தப் பெயர் போட்ட பேருந்தில் ஏற மாட்டோம் என்றார்கள். கல்லெறிந்தார்கள், கொளுத்தினார்கள், உயிர்கள் போயின. கடைசியில் அரசு என்ன செய்தது? எல்லாக் கழகங்களிலிருந்தும், எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டது. இன்று பேருந்தின் பக்கவாட்டில் தலைவர் பெயர் எதுவும் இல்லாமல் மொட்டையாக எழுதியிருப்பதற்குப் பின்னால் இருக்கும் கதை இதுதான். இருபது வயதுத் தோழர்கள் பலருக்கு இது தெரியாது. சொல்லாதது எங்கள் குற்றம்.

பெயருக்காக அப்போது நின்றோம். நிற்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பேருந்தை ஓட்டுகிற இருக்கையைப் பற்றி அதற்குப் பிறகு எத்தனை கூட்டம் போட்டோம்? நூறு ஓட்டுநரில் பதினெட்டுப் பேர் பட்டியல் சாதியினர் என்பது சட்டம் தந்த இடம். அதில் அருந்ததியருக்கு 2009-இல் 3 விழுக்காடு உள்ஒதுக்கீடும் வந்தது. அந்த இடம் இப்போது சத்தமில்லாமல் கரைகிறது. சென்னையில் 2025 ஜூனில் விட்ட மின்சாரப் பேருந்துகளில் நடத்துநர் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் ஆள். ஓட்டுநர் தனியார் ஒப்பந்த நிறுவனத்தின் ஆள். ஒப்பந்தத்துக்கு இடஒதுக்கீடு கிடையாது. அங்கேயும் "எந்த ஊரு தம்பி?"தான். இதற்குக் கல்லெறிய யாரும் தேவைப்படவில்லை, ஒரு டெண்டர் போதுமானதாக இருக்கிறது. இந்த முறை தென்மாவட்டங்களுக்கு வருவதற்கு முன்பு நாம் பேசியாக வேண்டும்.

தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993-இலேயே தமிழக அரசுப் பேருந்தை ஓட்டினார். ஓட்டுநர் பயிற்சி பற்றிய பேச்சு வரும்போது உங்களை வெளியே அனுப்பிவிட்டுப் பேசும் பழக்கம் நம் அமைப்புகளிலும் இருக்கிறது. போகாதீர்கள்.

கடைசியாக, எல்லாரும் சறுக்குகிற ஓர் இடம். லாரி செட்டில் மூன்று ஆண்டு ஓட்டிய பையனிடம் அனுபவத்துக்கு என்ன சான்று என்றால் கையை விரிக்கிறான். சம்பளம் கையில், கணக்கு முதலாளியின் டைரியில். ஓட்டிய ஆண்டுகள் காற்றோடு போயின. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் நாம் எதிர்க்க வேண்டியவை பல உண்டு; ஆனால் தொழிலாளிக்கு நியமனக் கடிதம் கொடுத்தாக வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொள்வோம். சேரும்போதே கடிதம் கேளுங்கள். சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். வண்டி எண், ஏற்றிய இடம், இறக்கிய இடம், தேதி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். விலகும்போது அனுபவச் சான்று கேளுங்கள். தனியாகப் போய்க் கேட்காமல் நாலைந்து பேராகப் போங்கள். கையெழுத்துப் போட மறுத்தால், மறுத்த தேதியையும் அதே நோட்டில் எழுதிக்கொண்டு எங்களிடம் வாருங்கள்.