நீரோவின் பிடிலை இனியாவது இறக்கி வையுங்கள்

நாட்டில் ஓர் அனர்த்தம் நிகழ்ந்துவிட்டால் போதும். மறுநாளே ஏதேனும் ஒரு பத்திரிகையின் ஆசிரியத் தலையங்கத்திலோ, அரசியல்வாதி ஒருவரின் அறிக்கையிலோ அந்த வாக்கியம் வந்து அமர்ந்துவிடும்: "ரோமாபுரி பற்றி எரிந்தபோது நீரோ மன்னன் பிடில் வாசித்தானாம்." பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எத்தனை முறை இதனை வாசித்திருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. இந்த வாக்கியத்தை நாம் கைவிட வேண்டும் என்பதே எனது வாதம்.

முதலில் பிடிலை எடுத்துக்கொள்வோம். ரோமில் தீ மூண்டது கி.பி. 64 ஜூலையில். வயலின் இன்றைய வடிவத்தைப் பெற்றதோ 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில். வில்லால் இழுத்து வாசிக்கும் கருவி எதுவும் நீரோவின் காலத்து ரோமில் இருக்கவில்லை. அவன் மீட்டியது கித்தாரா எனப்படும் ஒருவகை யாழ்.

அடுத்து, அவன் எங்கே இருந்தான்? தீ மூண்டபோது நீரோ ரோமிலேயே இல்லை, அந்தியம் என்னும் கரையோர நகரில் இருந்தான் என்று எழுதுகிறார் வரலாற்றாசிரியர் தசித்தஸ். திரும்பி வந்தவன் தன் தோட்டங்களை மக்களுக்குத் திறந்துவிட்டான். தற்காலிகக் குடில்கள் அமைத்தான். ஒஸ்தியாவிலிருந்து உணவு தருவித்தான். தானிய விலையைக் குறைத்தான். இவற்றைப் பதிவு செய்தவர் நீரோவின் அபிமானி அல்லர், அவனை வெறுத்தவர்.

அப்படியாயின் பாட்டுக் கதை எங்கிருந்து வந்தது? நகரம் எரிகையில் திரோய் நகரின் அழிவைப் பற்றி அவன் பாடினான் என்பதைத் தசித்தஸ் வதந்தியாகவே குறிப்பிடுகிறார். தீக்குப் பின்னர் பிறந்த சுவெத்தோனியஸ் அதையே நடந்த சம்பவமாக எழுதிவிட்டார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து எழுதிய தியோவும் அவ்வாறே. வதந்தி செய்தியாகும் விதம் அன்றும் இன்றும் ஒன்றுதான் போலும்!

"பழமொழிக்கு எதற்கையா வரலாற்று ஆராய்ச்சி? அலட்சியத்தைச் சுட்ட ஓர் உவமை, அவ்வளவுதானே?" என்று சிலர் கேட்கலாம். தவறு அங்கேதான் இருக்கிறது. அந்த உவமை நீரோவைத் தவறான குற்றத்துக்காகக் கூண்டில் நிறுத்துகிறது.

ரோமின் 14 பிரிவுகளில் 3 முற்றாக அழிந்தன. 7 பெரும் சேதமுற்றன. தீ வைத்தது மன்னனே என்ற பேச்சு அடங்கவில்லை. அதனை அடக்க நீரோ செய்தது என்ன? கிறிஸ்தவர்கள் என்ற, அன்று பலராலும் வெறுக்கப்பட்ட சிறு கூட்டத்தைக் குற்றவாளிகள் ஆக்கினான். அவர்களுக்கு விலங்குத் தோல் போர்த்தி நாய்களை ஏவினார்கள், சிலுவையில் அறைந்தார்கள், இரவு விளக்குகளாக எரித்தார்கள். காட்சிக்கு இடம் கொடுத்தது நீரோவின் தோட்டம். கிறிஸ்தவர்கள்மீது சற்றும் அன்பில்லாத தசித்தஸ்கூட, பொதுநலனுக்காக அல்ல, ஒருவனின் கொடூரத்துக்காகவே அவர்கள் அழிக்கப்படுகிறார்கள் என்ற இரக்கம் மக்களிடம் எழுந்ததாக எழுதுகிறார்.

எரிந்த நிலத்தில் எழுந்தது என்ன? செயற்கை ஏரியுடன் கூடிய நீரோவின் 'பொன் மாளிகை'. கொலோசியம் பின்னர் கட்டப்பட்டது அந்த ஏரி இருந்த இடத்தில்தான்.

ஆகவே நீரோ கையைக் கட்டிக்கொண்டு இருந்தவன் அல்லன். மிகச் சுறுசுறுப்பாக இயங்கியவன். ஒரு கையால் நிவாரணம் வழங்கினான். மறு கையால் பலியாடுகளைச் சுட்டிக்காட்டினான். இடையில் நிலத்தையும் வளைத்துக்கொண்டான். பாட்டில் மயங்கிக் கிடக்கும் ஆட்சியாளனைவிட இவன் பன்மடங்கு ஆபத்தானவன். பிடில் கதையோ அவனை நகைப்புக்குரிய கோமாளியாக்கி, எரிக்கப்பட்டவர்களை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

பேனா பிடிக்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். பேரழிவு நேரும்போது ஆட்சியாளர் நிவாரணப் பொதியுடன் புகைப்படத்தில் நிற்கிறாரா, உல்லாசமாக இருக்கிறாரா என்று பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். பழி யார்மீது சுமத்தப்படுகிறது? வெறுமையான நிலம் யார் கைக்குப் போகிறது? நீரோவை நினைவுகூர வேண்டுமென்றால், இந்த இரு கேள்விகளையும் எழுப்புவதற்காக நினைவுகூருங்கள்.