குடியை அளக்கும் பட்டையும் ஊக்கத்தொகையும்: சங்கத்தின் நிலைப்பாடு

குடிப்பவர் உடம்பில் குடியை அளக்கும் பட்டை கட்டி, குடிக்காத நாட்களுக்கு ஊக்கத்தொகை கொடுக்கலாம் என்ற திட்டம் வந்ததிலிருந்து கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை குப்பங்களில் இதே பேச்சு. நம் சங்கத்தின் செயற்குழுவும் ஒருமனதாக இல்லை. பெரும்பான்மைக் கருத்து இது: கொள்கை அளவில் எதிர்க்கவில்லை, இப்போதுள்ள வடிவில் ஏற்கவும் இல்லை.

குடிகாரனுக்குக் காசு கொடுப்பதா என்று சில கிளைகள் கேட்டன. 2023 மே மாதம் மதுராந்தகம் பக்கத்திலும் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் விஷச்சாராயத்தில் செத்தவர்களின் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் அறிவித்தார்கள். அது அவர்களுக்குச் சேர வேண்டியதுதான், அதில் மறுபேச்சில்லை. செத்த பிறகு கொடுக்கலாம் என்றால், உயிரோடு இருக்கையில் குடியை விடுகிறவருக்குக் கொடுப்பது எப்படித் தப்பாகும்? குடிக்காததற்கு உடனுக்குடன் சிறு பரிசு தரும் முறை அமெரிக்கச் சிகிச்சை மையங்களில் பலன் தந்திருக்கிறது. பரிசு நின்றதும் பலன் தேய்வதையும் அங்கேயே பார்த்திருக்கிறார்கள்.

சங்கத்தின் கவலை வேறு. லண்டனில் 2014 முதல் குற்றவாளிகளின் கணுக்காலில் கட்டும் கருவி, அரை மணிக்கு ஒருமுறை வியர்வையைச் சோதிக்கிறது. இப்படி ஒரு பட்டையை ஏமாற்றுவது கடினம், குடித்தால் பரிசு போச்சு என்றால் ஆள் என்ன செய்வார்? ஒரேயடியாக நிறுத்துவார். விடிந்ததும் ஒரு குவார்ட்டர் போட்டால்தான் கை நிற்கும் என்றிருப்பவர் மருந்தில்லாமல் நிறுத்தினால் என்ன ஆகும் என்று நம் பெண்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். முதல் நாளே கை உதறும், வேர்த்துக் கொட்டும், தூக்கம் இருக்காது. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில், இல்லாத ஆள் வாசலில் நிற்பதாகச் சொல்லிக் கத்துவார். அது பேய் பிடித்ததல்ல. கவனிக்காவிட்டால் உயிரை எடுக்கும். கரையில் என்றால் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடலாம். இருட்டில், ஃபைபர் போட்டில், வலை இழுக்கும்போது வலிப்பு வந்தால்? இதைப் பற்றித் திட்டத்தில் ஒரு வரி இல்லை. எந்த நாளுக்கு எவ்வளவு ரூபாய் என்ற அட்டவணை மட்டும் பக்கம் பக்கமாக இருக்கிறது. எழுதியவர்கள் அப்படி ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டு ஓர் இரவாவது விழித்திருந்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்கள்.

ஆகவே டாக்டர் பார்த்த பிறகே பட்டை. கடுமையாகக் குடிப்பவருக்கு முதலில் ஆஸ்பத்திரிப் படுக்கை, நடுக்கத்துக்கு மருந்து, வைட்டமின் பி1 ஊசி. அந்த நாட்களில் கடலுக்குப் போகாமல் விட்ட கூலிதான் முதல் ஊக்கத்தொகையாக வர வேண்டும். அவ்வளவு முற்றாதவர்களுக்குப் பட்டையே தேவைப்படாமலும் போகலாம். கோவாவில் உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து நடத்திய சில அமர்வு ஆலோசனை பலன் தந்ததை 2017-இல் லான்செட் இதழ் வெளியிட்டது.

பட்டையின் பதிவுகள் போலீசுக்கோ படகு உரிமையாளருக்கோ ஊர்ப் பஞ்சாயத்துக்கோ போகக் கூடாது. கண்காணிக்கும் வேலையை மனைவி தலையில் கட்டக் கூடாது. அடி அவளுக்குத்தான் விழும்.

செலவைப் பற்றி இயன்றவரை நிதானமாகவே சொல்கிறோம். 2024-25-இல் மது விற்பனையால் அரசுக்கு வந்தது 48,344 கோடி ரூபாய். அதில் நம் வீட்டு உலைப்பணமும் பிள்ளைகளின் ஃபீசும் இருக்கிறது. படுக்கைக்கு நிதியில்லை என்று யாரும் நம்மிடம் வரவேண்டாம்.

இந்தத் திருத்தங்கள் எழுத்தில் வரும்வரை ஒப்புதல் படிவத்தில் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம், வீட்டு ஆண்களையும் போடவிட வேண்டாம். பரிசை நம்பி இப்போதே குடியை நிறுத்திவிட்டவர் எவருக்காவது கை நடுங்கினால் அவரைக் கடலுக்கு அனுப்பாதீர்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள். வலிப்பு வந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.